ஒரே குண்டுன்னு சொன்னேன்

செத்த அங்கிட்டுத் தள்ளி உக்காரு தாயி. அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டா எனக்கு எடம் கெடைச்சுரும். ஆங், போதும் போதும், நான் என்ன அம்புட்டுப் பெரிய ஆளா. இடுப்பச் சாய்ச்சாப் போதும். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சது, இன்னும் ஓடிக்கிட்டே கெடக்கேன்.

எனக்கு எடம் இல்லாம இல்ல. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, சன்னலோரமா செவப்புச் சால்வையப் போத்திக்கிட்டு ஒரு மனுசன் இருக்காருல்ல, வெள்ள மீச, அவருதான் எங்க வீட்டுக்காரரு. அரியமுத்து. பட்டாளத்துல அவில்தாரா இருந்து வந்தவரு. பக்கத்துல ஒருத்தி காதக் கொண்டுபோயி அவரு வாயில வைக்காத கொறையா உக்காந்திருக்கா பாரு, அது என் எடம். பரமக்குடியில ஏறுனப்ப நான்தான் அதுல உக்காந்தேன். "அக்கா, செத்த எந்திரிச்சுக் குடு"ன்னா. எந்திரிச்சுக் குடுத்துட்டேன். இன்னிக்கு அவ என்ன கேட்டாலும் குடுக்கவேண்டிய நெலமையில இருக்கேன் நான்.

அவ பேரு பஞ்சவர்ணம். ஊரு வெள்ளாங்குறிச்சி, எங்க பொட்டகுளத்துக்கு ஏழு ஊரு முந்தி. ஒறவெல்லாம் ஒண்ணுமில்ல. அவ புருசன் சாத்தையாவும் இவரும் ஒரே பட்டாளம், ஒரே பிளட்டூன். எழுவத்தொண்ணு சண்டையில அவரு போயிட்டாரு, இவரு வந்துட்டாரு. அம்புட்டுத்தான் ஒறவு.

இன்னிக்கு அந்தச் சண்டைக்குத்தான் விழா. வருசா வருசம் டிசம்பர்ல முன்னாள் பட்டாளத்தாரு சங்கத்துல ஒரு மண்டபத்தப் புடிச்சு வைப்பாக. மாலை, சால்வை, ஒரு கண்ணாடிப் பொட்டியில துப்பாக்கி பொம்ம, அப்புறம் சாப்பாடு. அன்னிக்கு எல்லையில ஒரு கால்வாய்க் கரையில முப்பத்தாறு பேரு இருந்தாகளாம். விடியக்கால தாக்குதல். பொழச்சது பத்தொம்பது. இன்னிக்கு மூச்சோட இருக்கது மூணு. அதுல ஒருத்தரு பாலக்காட்டுல படுத்த படுக்கை. இன்னொருத்தரு தேனிக்காரரு, வந்துருந்தாரு, ஆனா காது சுத்தமாக் கேக்காது. மிச்சம் இவருதான். அதனால இந்த வருசம் பெரிய நோட்டீசு, பெரிய மேடை. "தாக்குதலின் கடைசிச் சாட்சி"ன்னு இவரு படத்தப் போட்டு இம்மாம் பெரிய பேனரு.

சால்வைன்னு சொன்னேனே, அதக் கேளு. எங்க வீட்டுல முப்பத்தெட்டு சால்வை கெடக்கு. அது குளுருக்கும் ஆகாது, தண்ணியும் உறிஞ்சாது, கரித்துணிக்குக்கூட லாயக்கில்ல. ஒண்ணு கிரைண்டருக்கு மூடி. ரெண்டு கொடாப்புல கோழிக்கு. போன ஐப்பசியில ஆட்டுக்குட்டிக்குச் சளி புடிச்சப்ப ஒண்ணச் சுத்தி விட்டேன், அது பாட்டுக்கு எம்.எல்.ஏ. மாதிரி தெருவுல போகுது. இவரு பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. முந்தியா இருந்தா அடிக்க வந்துருப்பாரு.

இவருக்கு ஞாபகம் போயி ரெண்டு வருசமாச்சு தாயி. மொதல்ல கண்ணாடிய எங்க வச்சேன்னு தேடுனாரு, அப்புறம் மகளுக்குக் கல்யாணம் ஆனத மறந்தாரு, அப்புறம் அவளையே தன்னோட ஆத்தா பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. மதுரையில பெரிய டாக்டருகிட்டக் காமிச்சோம். மூள சுருங்குதுன்னாரு. "இதுல புதுசா வந்தது மொதல்ல போகும்மா, பழசு கடைசியாத்தான் போகும்"னாரு. இது என்ன நாயம்? நேத்து நான் வச்ச கொழம்பு மறந்துபோகும், அறுவது வருசத்துக்கு முந்தி இவுக ஆத்தா வச்ச கருவாடு நெனப்புல இருக்கும். சரி, அது வயித்தெரிச்சல், அத விடு.

நோட்டீசு வந்த அன்னிக்கே இவருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். எதுக்குன்னா, மேடையில அந்த ஒரு எடத்த இவரு ஒழுங்காச் சொல்லணும். சாத்தையா அண்ணன் போன எடம். மத்ததெல்லாம் முன்னப்பின்ன ஆனாப் பரவால்ல. எதிராளி எத்தன பேருன்னு மாத்திச் சொன்னா யாரு போயி எண்ணப் போறா. ஆனா முன் வரிசையில பஞ்சவர்ணம் உக்காந்திருப்பா. வருசம் தப்பாம வருவா. மேடையில சாத்தையா அண்ணன் பேரு வரும்போது முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு நிமிந்து உக்காருவா. அவளுக்கு அந்த ஒரு கதைதான் இருக்கு. அது பிசகக் கூடாது.

என்ன கதையா? ஒரே குண்டு. நெத்தியில. ஒரு சத்தமில்ல, ஒரு வலியில்ல. தூங்குறவரு மாதிரி போயிட்டாரு. இம்புட்டுத்தான் கதை. சங்கத்து மலர்ல இப்புடித்தான் அச்சடிச்சிருக்கு. வெள்ளாங்குறிச்சிப் பள்ளிக்கூடத்து வாசல்ல கல்லு நட்டுருக்காக, அதுலயும் "எதிரியின் ஒரே குண்டில் வீரமரணம்"னுதான் வெட்டியிருக்கு.

அதச் சொன்னது நான்.

ஏன் அப்புடிப் பாக்குற? நான் என்ன சண்டைக்கா போனேன்? இரு, சொல்றேன். அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. சண்ட முடிஞ்சு பங்குனியில இவரு லீவுல வந்தாரு. அந்தக் காலத்துல இப்ப மாதிரி பொட்டியில வச்சுக் கொடி போத்தி ஒடம்பக் கொண்டாந்து குடுக்குற வழக்கமில்ல. அங்கனயே எரிச்சிருவாக. தந்தி வரும், பேரெழுதுன தகரப் பொட்டி வரும், அம்புட்டுத்தான். இவரு வந்துருக்காருன்னு கேள்விப்பட்டு மூணாம் நாளே பஞ்சவர்ணமும் அவ மாமனாரும் ஏழு ஊரு நடந்தே வந்துட்டாக. அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். வாசல்ல நின்னா. நின்னுக்கிட்டே "எப்புடிப் போனாரு"ன்னு கேட்டா.

இவரு கதவு நெலையப் புடிச்சுக்கிட்டுத் தரையவே பாத்துக்கிட்டு இருக்காரு. அவ மறுபடி கேட்டா. இவரு விறுவிறுன்னு கொல்லைப் பக்கம் போயிட்டாரு. அந்தப் பெரியவரு என்னையப் பாக்குறாரு, பஞ்சவர்ணம் மொகத்தப் பாக்க முடியல. யாராச்சும் ஒண்ணு சொல்லணுமா வேணாமா? நான் சொன்னேன். ஒரே குண்டு, நெத்தியில, சத்தமே இல்லாமப் போயிட்டாராம், இவரு என்கிட்டச் சொல்லி அழுதாருன்னு. எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. எப்பவோ ஊர்ல யாரோ ரேடியோச் சேதியப் பேசிக்கிட்டுருந்ததுல காதுல விழுந்ததோ என்னமோ.

பெரியவரு கொல்லைப் பக்கம் போயி "அப்புடித்தானா தம்பி?"ன்னு கேட்டாரு. இவரு தலைய ஆட்டுனாரு. ஆட்டுனத நான் பாத்தேன். அப்புறம் இவரும் அதையேதான் சொன்னாரு, அம்பது வருசமா. நான் எனக்காகவா சொன்னேன்? அந்தப் புள்ள மொகத்தப் பாத்துச் சொன்னேன்.

நெசமா என்ன நடந்துச்சுன்னு கேக்குறியா? நான் கேட்டதில்ல. அந்த விசயத்துல என்னைய யாரும் கொற சொல்ல முடியாது. ஒரு நாள்கூட நான் அந்த மனுசனத் தோண்டிக் கேட்டு நோகடிச்சதில்ல. ஒண்ணு ரெண்டு தடவ அவராவே "சாத்தையா அன்னிக்கு..."ன்னு ஆரம்பிப்பாரு. "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு, சாப்புடுங்க"ன்னுருவேன். எதுக்கு அந்தக் கண்றாவியெல்லாம். நான் அவர அப்புடிப் பாத்துக்கிட்டேன் தாயி.

சரி, விழாவுக்கு வாரேன். ஒரு மாசமாப் பழக்குனேன். கஞ்சியக் கையில குடுத்துட்டு எதுத்தாப்புல உக்காந்துருவேன். "பனி மூட்டமா இருந்துச்சு, அப்புறம்?" "விசில் சத்தம் கேட்டுச்சு." "அப்புறம்?" "சாத்தையா முன்னாடி காவல்ல நின்னான்." "அப்புறம்?" முழிப்பாரு. "ஒரே குண்டு. சொல்லுங்க, ஒரே குண்டு." "ஒரே குண்டு." அப்புறம்தான் அடுத்த கரண்டி. ஒண்ணாப்பு வாத்தியாரு தோத்தாரு. தெனம் காலையில சரியாச் சொல்லுவாரு, சாயங்காலம் போயிரும். மறுநா மறுபடி மொதல்லேர்ந்து. எனக்கு முட்டி வலி, எந்திரிச்சா உக்கார முடியல, உக்காந்தா எந்திரிக்க முடியல, இதுல இந்தப் பள்ளிக்கூடம் வேற.

நடுவுல காலேஜிலேர்ந்து ஒரு டீச்சரு வேற வந்துச்சு. ஜாஸ்மின்னு பேரு. நல்ல புள்ளதான். பொழச்சிருக்கவுக பேச்சையெல்லாம் பதிஞ்சு வைக்கணுமாம், இனிமே கெடைக்காதாம். மூணு தடவ வந்து ரெக்கார்டர மேசையில வச்சுச்சு. இவரு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மனுசன் பேசமாட்டாரு, அது பாட்டுக்கு ஓடுது, வீணாப் போகுதேன்னு நானே சொன்னேன். பனி, விசிலு, ஒரே குண்டு, எல்லாம் விலாவாரியா. அதுக்கு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? "அம்மா, அவரக் கொஞ்சம் பேச விடுங்க"ன்னுச்சு. நானா விடல? அம்பது வருசமா அந்தக் கதைய யாரு பாதுகாத்தது? எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஆனாலும் காப்பி போட்டுத்தான் குடுத்தேன்.

இன்னிக்குக் காலையில நல்லாத்தான் இருந்தாரு. மண்டபத்துக்கு வந்தோன்ன பழைய ஆளுகளப் பாத்து விறைப்பா ஒரு சல்யூட்டு வச்சாரு. சங்கத்துச் செயலாளரு சந்தானம், அவரு சின்ன வயசு, கார்கிலுக்கு அப்புறம் சேந்தவரு, அவருதான் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிப் போனாரு. நான் மொத வரிசை. எனக்கு ரெண்டு நாற்காலி தள்ளிப் பஞ்சவர்ணம். ஜாஸ்மின் டீச்சரு ஓரத்துல கேமராவ நிறுத்தி வச்சிருந்துச்சு.

மைக்க வாங்குனாரு. தன்னோட பட்டாள நம்பரச் சொன்னாரு பாரு, ஏழு இலக்கம், ஒண்ணு தப்பல. மண்டபமே கைதட்டுச்சு. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. பனிமூட்டம் சொன்னாரு. விசிலு சொன்னாரு. "சாத்தையா முன்னாடி காவல்ல நின்னான்"னாரு. அதோட நின்னுட்டாரு.

நான் கீழேருந்து வாய அசைக்கிறேன். ஒரே குண்டு. ஒரே குண்டு. அவரு என் வாயவே பாக்குறாரு. பாத்துட்டு மைக்குலயே சொல்றாரு, "இல்ல மாரிக்கண்ணு. அவன் உடனே சாகல."

கல்யாணம் ஆகி அம்பத்திமூணு வருசம் ஆச்சு. அவரு என் பேரச் சொல்லிக் கூப்புட்டதே நாலஞ்சு தடவ இருக்கும். அதுல ஒண்ணு இன்னிக்கு, ஐநூறு பேருக்கு முன்னாடி, மைக்குல.

அப்புறம் நிறுத்தல. மடையத் தொறந்த மாதிரி வந்துச்சு. கடுகு வயலோரமா கெடந்தானாம். ரெண்டு காலும் போயிருச்சாம். இவுக பங்கருக்கும் அவனுக்கும் அறுவதடிதானாம். எதிராளி மெசின்கன்ன வச்சுக்கிட்டு யாரும் தலையத் தூக்க முடியாமச் சுட்டுக்கிட்டே இருந்தானாம். "விடிஞ்சதுலேர்ந்து உச்சி வரைக்கும் பேசிக்கிட்டே கெடந்தான். மொதல்ல தண்ணி தண்ணின்னான். அப்புறம் அதையும் விட்டுட்டான். அப்புறம் அவன் வீட்டுக்குப் போயிட்டான்"னாரு. "நான் ரெண்டு தரம் வெளிய ஏறுனேன். சுபேதாரு காலப் புடிச்சு இழுத்துப்புட்டாரு. மூணாந்தரம் நானே ஏறல. அறுவதடி. நான் போகல. நான் போகல."

இத மைக்குல சொல்லுவாகளா தாயி? மனுசனுக்கு மானம் மரியாத போயிரும்னு தெரிய வேணாம்? அந்த நேரம் பாத்து, காது கேக்காத தேனிக்காரரு பேச்சு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு டப்பு டப்புன்னு தனியாக் கைதட்டுறாரு. எனக்குப் பூமிக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. சந்தானம் ஓடியாந்து மைக்க வாங்கப் பாக்குறாரு. நான் கைய ஆட்டுறேன், வாங்குங்க வாங்குங்கன்னு.

அப்பத்தான் பஞ்சவர்ணம் எந்திரிச்சா. நேராப் போனா. அவளுக்கும் முட்டி வலிதான், ஆனா மேடைப் படியில கைப்புடி புடிக்காம ஏறுனா. சந்தானத்தப் பாத்து "தம்பி, நகந்துக்க"ன்னா. இவருக்கு முன்னாடி போயி நின்னா. "அண்ணே, வீட்டுக்குப் போயிட்டாருன்னா? என்ன பேசுனாரு?"

இவரு அவளப் பாத்தாரு. யாருன்னு தெரிஞ்சுச்சோ தெரியலயோ. "மழ வருது மழ வருதுன்னான். பொகைய மேகம்னு நெனச்சுக்கிட்டான். மொளகா களத்துல கெடக்குன்னான். அப்புறம், நனைஞ்சா நனையட்டும் புள்ள, நீ நனையாத, உள்ள வான்னான். அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தான். உள்ள வா, உள்ள வான்னு. உச்சிக்கு அப்புறம் சொல்லல."

அவ அங்கனயே மேடையில உக்காந்துட்டா. அழுகல. தரையில கைய ஊனிக்கிட்டு அப்புடியே உக்காந்துட்டா. தண்ணி கொண்டாந்து குடுத்தாக, வாங்கிக் கீழ வச்சுட்டா. சந்தானம் வேற வழியில்லாம எல்லாரையும் சாப்புடப் போகச் சொல்லிட்டாரு.

சாப்பாட்டுக் கூடத்துல அவளத் தேடிப் புடிச்சேன். எலையில எதையும் தொடல. நான் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டேன். "பஞ்சவர்ணம், அவரு பேச்ச எடுத்துக்காத. அவருக்கு மூள சுருங்கிருச்சு, டாக்டரு சீட்டு இருக்கு. ஏதோ ஒண்ணு கெடக்க ஒண்ணு ஒளறுறாரு. ஒரே குண்டுதான் நெசம்"னேன்.

அவ என் கைய மெதுவா எடுத்து என் மடியிலயே வச்சா. "அக்கா, மொளகா நனைஞ்சது எங்க ஊரத் தாண்டி யாருக்கும் தெரியாது"னா.

அப்புறம் சொன்னா. சாத்தையா அண்ணன் கடைசியா லீவுல வந்தது சண்டைக்கு முந்துன பங்குனியில. மொளகா களத்துல காயுது. இவ கண்ணசந்துட்டா. திடுதிப்புன்னு கோட மழ. எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள மொளகா பூராம் நனைஞ்சு கறுத்துப்போச்சு. மாமியாக்காரி வஞ்ச வசவுல ஊரே கூடிருச்சாம். புருசனும் சேந்து வஞ்சிருக்காரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் இவகூடப் பேசல. மூணாம் நா ரயிலுக்குப் போகும்போதும் பேசாமலே போயிட்டாரு. அதோட சரி. அந்தக் காலத்துல பொண்டாட்டிக்கு எவன் கடுதாசி போட்டான், அப்பனுக்குத்தான் போடுவாக.

"நீ அன்னிக்கு வாசல்ல வச்சு, ஒரு சத்தமில்லாமப் போயிட்டாருன்னு சொன்ன பாரு அக்கா. சரி, எங்கிட்டக் கடைசி வரைக்கும் பேசாமலேதான் போயிட்டாருன்னு நான் எடுத்துக்கிட்டேன். அந்தக் கோவத்தோடயே போயிட்டாருன்னு. அம்பது வருசமா மழ வந்தா நான் முத்தத்துல எறங்குனதில்ல அக்கா."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்"னேன். "தெரியும்"னா. "ஆனா அது உன் நெனப்பு அக்கா. இது அவரு எனக்குச் சொன்னது. உன் வீட்டு அண்ணன் கையில இருந்துச்சு. நீ குறுக்க நின்னுக்கிட்ட."

குறுக்க நின்னுக்கிட்டேனாம். கேட்டியா. மத்தவளா இருந்தா அங்கனயே ரெண்டு குடுத்திருப்பேன். ஏழு ஊரு நடந்து வந்தவளுக்கு அன்னிக்குச் சோறு போட்டவ நான். வருசா வருசம் விழாவுக்கு அவளுக்கும் சேத்துப் புளிச்சோறு கட்டிக்கிட்டு வாரவ நான். ரெண்டு காலும் போயி ஆறு மணி நேரம் கெடந்தாருன்னு பத்தொம்பது வயசுப் புள்ளகிட்டச் சொல்றதுக்கு எந்தப் பொம்பளைக்கு மனசு வரும், நீயே சொல்லு. உனக்கு வருமா? சொல்லமாட்டேங்குற. பரவால்ல.

வெளிய வந்தா ஜாஸ்மின் டீச்சரு நிக்கிது. "அம்மா, அன்னிக்கு வீட்டுல நீங்க சொன்னதும் இன்னிக்கு அய்யா சொன்னதும் வேற வேறயா இருக்கே, எத வைக்கட்டும்?"னு கேக்குது. "அவருக்குப் புத்தி சரியில்ல தாயி, நான் சொன்னதுதான் நெசம்னு எழுதிக்க"ன்னேன். அது என்னையப் பாத்துச்சு. எழுதல. "சரிம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருச்சு. சரிம்மான்னா என்ன அர்த்தம்? எனக்கு அந்தப் படிச்ச புள்ளைக சரிம்மா சொன்னாலே புடிக்காது.

இப்ப நீ பாக்குறது அதுக்கப்புறம் நடக்குறது. பஸ்ஸுல ஏறுனதும் என்னைய எழுப்பி விட்டுட்டு அவ அங்க உக்காந்துட்டா. "அண்ணே, சாத்தையா என்ன சொன்னாரு?"ன்னு கேக்குறா. இவரு சொல்றாரு. சொல்லி முடிச்சு அஞ்சு நிமிசத்துல சொன்னதே இவருக்கு மறந்துபோகுது. அவ மறுபடி கேக்குறா. இவரு மொதல்லேர்ந்து, மொதத் தடவ சொல்ற மாதிரி சொல்றாரு. இதோட நாலு தடவ ஆச்சு. மனுசனுக்குத் தொண்ட என்னத்துக்கு ஆகும்? காலையிலேர்ந்து ரெண்டு இட்லிதான் சாப்புட்டது. மாத்திர வேற குடுக்கணும், பை அவ காலடியில இருக்கு. எனக்குப் போயிக் கேக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. என் புருசனுக்கு மாத்திர குடுக்க நான் அவகிட்ட எடம் கேக்கணுமாக்கும்.

எனக்கு ஓஞ்சுபோச்சு தாயி. நெசமாச் சொல்றேன். இனிமே அந்தக் கஞ்சிப் பள்ளிக்கூடம் கெடையாது. அவரு என்னத்தையும் சொல்லிக்கட்டும்.

என்னது, வெள்ளாங்குறிச்சியா? ஆமா, கண்டக்டரு கத்துறாரு. பஞ்சவர்ணம்! ஏய் பஞ்சவர்ணம், உங்க ஊரு வந்துருச்சு! காதுல விழுகுதா பாரு. இரு, நான் போயி எறக்கி விட்டுட்டு, அப்புடியே மாத்திரையவும் குடுத்துட்டு வாரேன். எடத்தப் பாத்துக்க.

அப்பாடி. கம்பியப் புடிச்சு நடக்குறதுக்குள்ள உசுரு போகுது. எறங்கல. எங்க எறங்குறா.

போயி அவ தோளத் தொட்டேன். இவரு சொல்லிக்கிட்டு இருந்தாரு. மேடையில சொன்னப்ப எனக்குப் பதட்டம், நான் எங்க கேட்டேன். இப்பத்தான் பக்கத்துல நின்னு கேக்குறேன். "நீ நனையாத, உள்ள வா"ன்னு சொல்றாரு பாரு, அது இவரு கொரலே இல்ல தாயி. அது சின்னப் பயக் கொரலு. யாரோ ஒரு சின்னப் பய, பொண்டாட்டி மேல உசுரா இருக்கவன், கூப்புடுற கொரலு. இந்தக் கொரல நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இந்த மனுசன் அம்பது வருசம் எனக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்திருக்காரு. நான் விடுங்க விடுங்க, சாப்புடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன்.

நான் நிக்கிறத அவரு பாத்துட்டாரு. பேச்ச நிறுத்திட்டாரு. என் மொகத்தையே பாக்குறாரு. அப்புறம் பஞ்சவர்ணத்துகிட்டத் திரும்பிக் கேக்குறாரு, "இந்தம்மா யாரு?"

அவ என்னைய நிமிந்து பாத்தா. கண்ணு செவந்து கெடக்கு. "நமக்கு வேண்டியவுகதான் அண்ணே. நீங்க சொல்லுங்க"ன்னா.

அவரு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

கண்டக்டரு கேக்குறாரு, பாட்டி எறங்குதா இல்லையான்னு. எறங்கல, போப்பான்னுட்டேன். பொம்பளைக்குத்தான் இந்த பஸ்ஸுல டிக்கெட்டே கெடையாதே, எந்த ஊருல எறங்குனா உனக்கென்னன்னு ஒரு அதட்டு. இன்னிக்கு எங்க வீட்டுலயே தங்கட்டும். போயி ஒல வைக்கணும், மூணு பேருக்கு.

மாத்திர குடுக்கல தாயி. அவரு பேசி முடிக்கட்டும்.